செருப்பு கழன்றது தெரியாத கால்

வாசகர் கேள்வி: பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 54 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் தக்காளித் தோட்டத்தில் வேலை. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் முள் ஏறுவது போல வலிக்கிறது என்கிறார். எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு, சில நாள் ரத்தம் வருகிறது. வலது பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஆணி. கடையில் வாங்கிய ஆணி பிளாஸ்டர் இரண்டு தடவை ஒட்டினோம், போய்விட்டுத் திரும்ப வந்துவிட்டது. குதிகாலுக்குச் சுட்ட செங்கல்லில் எருக்கிலை போட்டு ஒத்தடம் கொடுக்கிறோம். போடுவது சாதாரண ரப்பர் செருப்புதான். சில நேரம் ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்துவிடுவார், வீட்டில் எல்லோரும் சிரிப்போம். எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால்தான் வலி என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எந்தச் செருப்பு வாங்கிக் கொடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் சிரிப்பதற்கு என்று எழுதியிருக்கிறீர்களே, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்பது வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழக்கத் தொடங்கியிருக்கின்றன என்பதற்கு இது வலுவான அடையாளம். அது உறுதியானால் ஆணிக்கும் வெடிப்புக்கும் குதிகால் வலிக்கும் மற்றவர்களுக்குச் சொல்லும் வைத்தியத்தில் பாதியை உங்கள் அம்மாவுக்குச் செய்யக் கூடாது. ஆணி பிளாஸ்டரையும் செங்கல் ஒத்தடத்தையும் இன்றே நிறுத்திவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

"குதிகாலில்தான் நன்றாக வலிக்கிறதே, உணர்ச்சி எப்படிப் போயிருக்கும்?" என்று தோன்றலாம். சர்க்கரையில் மரத்துப்போவது விரல் நுனியில் தொடங்கி மெதுவாகப் பின்னோக்கியும் மேல்நோக்கியும் வரும். குதிகாலில் வலி தெரியும் அதே காலில் விரல்கள் மரத்திருக்க முடியும்.

இதை வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். அம்மாவைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் தொடுகிறீர்களோ அந்தப் பக்கத்தை, "வலது" அல்லது "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால் விரல் நுனியை ஒன்று, இரண்டு வினாடி மட்டும் லேசாகத் தொடுங்கள். வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் ஆறு இடம். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. பதில் வராவிட்டால் அதே விரலை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் தெரிந்தாலும் மருத்துவமனைப் பரிசோதனை தேவைதான். அங்கே 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையாலும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வாலும் உணர்ச்சியைப் பார்ப்பார்கள். புறங்காலிலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடித்துடிப்பைத் தொட்டு ரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைவும் காலை மரக்க வைக்கும். அந்த ரத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இனி ஆணி. உங்கள் அம்மாவுக்கு அது ஏன் அந்த இடத்தில் வந்தது என்பதற்கும் நரம்புக்கும் தொடர்பு உண்டு. பாதத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள் நரம்பு கெட்டால் மெலிந்துவிடும். விரல்கள் கொக்கி போல மடங்கும். விரல்களின் அடியில் மெத்தையாக இருக்கும் கொழுப்பு முன்னால் தள்ளப்பட்டு, எலும்பு முனை நேரடியாகத் தரையில் அழுந்தும். அந்த அழுத்தத்தைத் தாங்கத் தோல் தடித்துக் காய்ப்பாகிறது, நடுவில் கூம்பு மாதிரி உள்ளே இறங்கினால் ஆணி. ரப்பர் செருப்பு இதை இன்னும் மோசமாக்கும். அது காலில் நிற்பதே விரல்களால் இறுக்கிப் பிடிப்பதால்தான். விரலில் பிடியும் உணர்வும் குறைந்தவுடன் கழன்று விழுகிறது.

காய்ப்பு என்பது செருப்புக்குள் எப்போதும் கிடக்கும் கூழாங்கல் மாதிரி. உணர்ச்சி உள்ள கால் நொண்டியாவது அந்தக் கல்லிலிருந்து தப்பித்துக்கொள்ளும். மரத்த கால் அதன் மேலேயே முழு எடையும் வைத்து நாளெல்லாம் நடக்கும். அடியில் சதை நசுங்கி, வெளியே தோல் மூடியிருக்க உள்ளே புண் உண்டாகும். காய்ப்பின் நடுவில் கரும்புள்ளியோ ஊதா நிறமோ ரத்தம் உறைந்தது போலவோ தெரிந்தால் உள்ளே புண் இருக்கிறது என்றே நினைத்து, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆணி பிளாஸ்டரில் இருப்பது சாலிசிலிக் அமிலம். தோலை வேக வைத்து உரிப்பதுதான் அதன் வேலை. ஆணி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. எரிச்சல் தெரிகிறவர் பிய்த்துப் போட்டுவிடுவார், உங்கள் அம்மாவுக்கு எரிவதே தெரியாமல் போகலாம். பிளேடு, நகவெட்டி, முள் எடுக்கிற ஊக்கு எதையும் வைத்துக் குடையவும் வேண்டாம். பயிற்சி பெற்ற கை கூர்மையான கத்தியால் சீவி எடுக்கும், ரத்தம் வராது, சில நிமிடம்தான் ஆகும். ஆனால் எடுத்த பிறகு செருப்பை மாற்றாவிட்டால் சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி வரும். இரண்டு தடவை போய் வந்ததற்கு அதுதான் காரணம்.

அது ஆணிதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரண்டு பக்கமும் கிள்ளினாற்போல் பிடித்தால் வலித்து, உள்ளே மிளகுப்பொடி தூவியது போலக் கருப்புப் புள்ளிகள் இருந்தால் அது மரு. தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு, உள்ளே முறிந்து தங்கிய முள். சுற்றிலும் வீங்கிச் சீழ் கோத்தால் அதைச் சந்தேகியுங்கள்.

குதிகாலுக்கு வருவோம். இரவு படுத்து எழுந்த முதல் அடியிலும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் குத்தி, கொஞ்சம் நடந்ததும் குறைந்து, மாலையில் மறுபடி வருகிறதென்றால் அது பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வின் வலி. குதிகாலெலும்பிலிருந்து விரல்கள் வரை வில்லின் நாண் போல ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கித் தொங்குவதால் அது சுருங்கியே இருக்கும். எழுந்து நின்றதும் உடம்பின் எடை முழுதும் அதைச் சட்டென்று இழுக்கிறது. எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு முளையைப் பற்றிக் கவலை வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும். வலி போன பிறகும் எக்ஸ்ரேயில் அது அப்படியேதான் இருக்கும்.

ஃப்ளோரைடு பற்றி அக்கம்பக்கத்தில் சொல்வது காரணமில்லாத பேச்சு இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் அது பல இடங்களில் அளவுக்கு மேல் இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் எலும்பைப் பாதிக்கும் அளவு ஃப்ளோரைடு ஏறியவருக்குக் கழுத்து, முதுகு, முழங்கால் என்று பல இடத்தில் விறைப்பு வரும், குனியவும் திரும்பவும் சிரமமாகும். குதிகாலில் மட்டும், அதுவும் முதல் அடியில் மட்டும் வருகிற வலிக்குத் தண்ணீரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், சரியாகக்கூடிய வலியைச் சரி செய்யாமல் விட்டுவிடுவோம். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே எடுங்கள், பயிற்சியையும் தொடங்குங்கள்.

படுக்கையை விட்டு இறங்கும் முன்பே முதல் பயிற்சி. உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்ற தொடைமேல் போட்டு, விரல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து முழங்கால் பக்கமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மற்ற கையால் உள்ளங்காலைத் தொட்டால் நாண் விறைத்து நிற்பது தெரியும். தெரிந்தால் சரியாகச் செய்கிறார் என்று பொருள். பத்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும், பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. இரண்டாவது, கெண்டைக்காலுக்கு. செருப்பைப் போட்டுக்கொண்டே சுவரில் இரண்டு கையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல், முழங்கால் மடங்காமல் முன்னால் சாய்ந்து 30 வினாடி, மூன்று முறை. ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்த பிறகுதான் மாற்றம் தெரியத் தொடங்கும். முழுதாகப் போக ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். பத்து நாள் செய்து "ஒன்றும் குறையலை" என்று விடுகிறவர்கள்தான் ஊசிக்குப் போகிறார்கள். ஸ்டீராய்டு ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும், குதிகால் மெத்தையையும் மெலிய வைக்கலாம். அதை எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள்.

செங்கல் ஒத்தடம் உணர்ச்சி உள்ளவர்களுக்கு இதமாகத்தான் இருக்கும். சூடு தாங்கவில்லை என்றால் அவர்களே காலை எடுத்துக்கொள்வார்கள். மரத்த காலுக்கு அந்தக் காவல் இல்லை, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெந்நீரில் கால் ஊற வைப்பதற்கும், பனிக்கட்டியாக்கிய தண்ணீர் பாட்டிலை உருட்டுவதற்கும் இதே தடைதான். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும், வெடிப்புள்ள காலில் அது படவே கூடாது.

வெடிப்பு சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கிருமி உள்ளே போக அதுவே வாசல். நரம்பு கெட்ட பாதத்தில் வியர்வை குறைவதால் தோல் காய்ந்து விறைக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பில் குதிகால் மெத்தை பக்கவாட்டில் பிதுங்குகிறது. விறைத்த தோல் விரிய முடியாமல் கிழிகிறது. யூரியா கலந்த களிம்பு வாங்குங்கள். விளிம்பு தடித்திருக்கும் வரை 25 சதவீதம், பிறகு தினமும் 10 சதவீதம். காலைக் கழுவி ஒற்றி எடுத்ததும், ஈரம் முழுதும் காயும் முன் தடவ வேண்டும். ரத்தம் வரும் வெடிப்பில் யூரியா வேண்டாம். அதைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, வாசலின் வைத்து, சுத்தமான துணியால் மூடி, ஓரிரு நாளில் ஆறவில்லை என்றால் காட்டுங்கள். களிம்போ எண்ணெயோ விரல் இடுக்கில் போகக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். மெழுகு உருக்கி ஊற்றுவது, சட்டென்று ஒட்டும் பசையால் வெடிப்பை ஒட்டுவது இரண்டும் கிருமியை உள்ளே வைத்து அடைக்கிற வேலை. மஞ்சள் பூசுவதையும் நிறுத்திவையுங்கள். அந்த நிறத்தில் பாதம் சிவந்து வருவது கண்ணுக்குத் தெரியாது.

வேலை முடிந்து வந்ததும் விரல் இடுக்கைத் துடைத்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறி, உரிந்து, அரித்தால் சேற்றுப்புண். குளோட்ரிமசோல் களிம்பை இரண்டு வேளை, நான்கு வாரம். அரிப்பு நின்றுவிட்டது என்று ஒரு வாரத்தில் விட்டால் திரும்ப வரும்.

நீங்கள் கேட்ட செருப்புக்கு இப்போது வருகிறேன். அம்மாவுக்கு வேண்டியது எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பர் அது. தொழுநோயில் உணர்ச்சி இழந்த பாதங்களைக் காப்பாற்ற நம் நாட்டில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவதற்கு முக்கியக் காரணம் வலி தெரியாத இடத்தில் திரும்பத் திரும்பப் படும் அழுத்தமும் காயமும்தான் என்று எடுத்துக் காட்டினார். சர்க்கரைக் காலிலும் நடப்பது அதேதான். "அது தொழுநோய்க்காரர் செருப்பு" என்று போட மறுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்மாவும் தயங்கினால், இப்போது பல நிறத்தில், பெண்களுக்கான வடிவங்களில் சாதாரணச் செருப்பு போலவே கிடைக்கிறது என்று சொல்லுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. கால் படும் மெத்தை 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, எடுத்ததும் எழும்ப வேண்டும். அமுங்கியது எழும்பாவிட்டால் அது வெறும் பஞ்சு, இரண்டு மாதத்தில் தட்டையாகும். அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தை மட்டும் இருந்தால் தோட்டத்து முள் நேராக ஏறும். ஆணி அடித்துச் செய்த செருப்பு கூடவே கூடாது. ஒட்டியும் தைத்தும் மட்டும் இருக்கட்டும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வரும் வார் வேண்டாம், அந்த இடுக்கை அது அறுக்கும். புறங்காலில் அகலமாக ஒரு பட்டை, குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார், இரண்டும் ஒட்டிப் பிரிக்கிற பட்டையாக இருந்தால் மாலையில் கால் வீங்கும்போது தளர்த்திக்கொள்ளலாம். பின்வார் இருந்தால் செருப்பு கழன்று விழாது, விரலால் இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம்.

அளவுக்கு அம்மாவைக் கடைக்கு மாலையில் கூட்டிப் போங்கள், காலையில் எடுத்த அளவு மாலையில் இறுகும். கூட்டிப் போக முடியாவிட்டால் அட்டையில் இரண்டு பாதத்தையும் நிற்க வைத்து, பென்சிலை நேராகப் பிடித்து வரைந்து, வெட்டி எடுத்துப் போங்கள். அட்டை செருப்பின் மேல் எந்த ஓரத்திலும் வெளியே வராமல் இருக்க வேண்டும், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் வேண்டும். சிலருக்கு நீளமானது இரண்டாவது விரல். இரண்டு கால் அளவும் வேறானால் பெரிய காலுக்கே வாங்குங்கள். "இறுக்கமாக இருந்தால்தான் நன்றாக இருக்கிறது" என்று அம்மா சொன்னால் அதை நம்பி வாங்காதீர்கள். மரத்த காலுக்குச் சரியான அளவு தொளதொளப்பாகத் தெரியும், கால் மரத்தவர்கள் பெரும்பாலும் சின்ன அளவையே தேர்ந்தெடுப்பார்கள்.

புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடட்டும். கழற்றியதும் பாதம் முழுதும் பாருங்கள். எங்கேயாவது சிவந்து, இருபது நிமிடம் கழித்தும் மறையாவிட்டால் அந்த இடம் அழுந்துகிறது. திருப்பிக் கொடுங்கள் அல்லது செருப்பு தைப்பவரிடம் சரி செய்யுங்கள். இல்லையென்றால் தினமும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். வீட்டுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என இரண்டு ஜோடி வேண்டும். சிமெண்டுத் தரையிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தோட்டத்துச் செருப்பைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவி, அடியில் முள்ளோ தக்காளிக் குச்சி கட்டும் கம்பித் துண்டோ ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சும் நாளில் மட்டும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், உள்ளே வெளிர்நிறப் பருத்திக் காலுறை. காலுறையின் தையல் வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் போடுங்கள். ரத்தக் கறை பட்டால் வெள்ளையில் உடனே தெரியும்.

கோயிலில் செருப்பில்லாமல்தான் போக வேண்டும், அதை மாற்றச் சொல்லவில்லை. விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ போகட்டும், தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளட்டும். தீர்த்தமலை மாதிரிக் கல் சுடும் இடத்தில் மத்தியானம் ஒரு சுற்று வந்தாலே மரத்த பாதம் வெந்துவிடும். திரௌபதி அம்மன் திருவிழாவில் தீ மிதிப்பதாக வேண்டுதல் இருந்தால், பூசாரியிடம் சொல்லி வேறு வகையில் நிறைவேற்றக் கேளுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் நீங்களே அம்மாவின் பாதத்தைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு இடுக்கு. நகத்தையும் நீங்களே வெட்டிவிடுங்கள், நேராக, மூலையைத் தோண்டாமல். எந்தப் புண்ணாக இருந்தாலும், வலிக்காவிட்டாலும், மறுநாளுக்குள் மருத்துவமனையில் காட்ட வேண்டும். ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலியில்லை என்று நடக்க விடாமல் அன்றைக்கே வண்டியில் கூட்டிப் போங்கள். அது சீழ் பிடித்ததாகவும் இருக்கலாம், உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியதாகவும் இருக்கலாம். இரண்டாவதில் நடக்கும் ஒவ்வொரு அடியும் பாதத்தின் வடிவத்தைக் கெடுக்கும். விரல் கருத்தாலும் தாமதிக்கக் கூடாது.

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வருபவரிடமும் பாதப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம். ஆணியைச் சீவவும் நாடி பார்க்கவும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்திருப்பது உறுதியானால் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. விரல் மடங்கியிருந்தாலோ ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதத்தைக் காட்ட வேண்டும்.

போகும்போது பழைய ரப்பர் செருப்பையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த இடம் குழிந்திருக்கிறது, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே புதுச் செருப்பில் எங்கே மெத்தையைக் கூட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.